கபேஜ்ரவுனில் பழைய வீடு வாங்கலாமா?

தம்பி, ரொறொன்ரோவில் சென்ற் ஜேம்ஸ் ரவுன் மாடிக் கட்டடத்தில் வாடகைக்கு இருக்கிறீர்கள். பின்னேரங்களில் மனைவியோடு நடக்கப் போய், பக்கத்துப் பகுதியான கபேஜ்ரவுனின் பழைய செங்கல் வீடுகளைப் பார்த்து ஆசை வந்துவிட்டது. பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) கிடைத்துவிட்டது, கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. உங்கள் மாமாவும் மற்றச் சொந்தக்காரர்களுமோ "உனக்கென்ன விசரா, மார்க்கம் நகரத்தில் புது வீடு எடு" என்கிறார்கள். பழைய கட்டடங்களைக் காக்கிற ஹெரிட்டேஜ் சட்டம் கழுத்தை நெரிக்குமா, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் கன காலமாக இருக்கிறேன். என்னைக் கேட்டால், சட்டத்துக்குப் பயப்பட வேண்டாம். சுவருக்கும் வயருக்கும் பயப்படுங்கள். வாங்கிய பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று பார்த்து முடிவெடுங்கள்.

1983க்குப் பிறகு வந்த எங்கட ஆக்களில் கனபேர் முதலில் இறங்கியது நீங்கள் இருக்கிற அதே கட்டடங்களில்தான். காசு சேர்ந்ததும் ஸ்காபரோ, பிறகு மார்க்கம், ஏஜக்ஸ் என்று புறநகர்ப் பக்கம் போய்விட்டார்கள். வீதியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தவர்கள் குறைவு. ஆகவே உங்கள் மாமா சொல்வது அவர் பட்டறிந்து சொல்வதல்ல.

இடத்தின் கதை கொஞ்சம் தெரிந்தால் அயலவர்களின் குணம் விளங்கும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்த ஐரிஷ் ஏழைகள் முன் முற்றத்தில் கோவா (கபேஜ்) நட்டுச் சாப்பிட்ட பகுதி இது. ஜெராட் வீதிக்குத் தெற்கே இருந்த பழைய கபேஜ்ரவுனின் பெரும்பகுதியை 1940களின் கடைசியில் இடித்துத்தான் ரீஜென்ற் பார்க் என்ற அரசாங்கக் குடியிருப்பைக் கட்டினார்கள். வடக்கே மிஞ்சிய பகுதிக்கு அப்போது டொன் வேல் என்று பெயர். அதையும் 1960களில் இடித்துப் புதுப்பிக்கிறோம் என்று கிளம்பினார்கள், குடியிருந்தவர்கள் விடவில்லை. இன்று நீங்கள் ஆசைப்படுகிற தெருக்கள் அப்படித் தப்பியவை. ஒரு வீட்டில் யன்னல் மாறினால் நாலு வீட்டுக்காரர் வந்து விசாரிப்பதற்குக் காரணம் அதுதான். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள்.

இனிச் சட்டம். ஒன்ராறியோ ஹெரிட்டேஜ் சட்டத்தின் ஐந்தாம் பாகத்தின் கீழ் இப்பகுதியின் பெரும்பாலான தெருக்கள் பாதுகாப்பு வட்டாரங்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரிகிற எதையும், அதாவது முன்சுவர், யன்னல், போர்ச், கூரையின் மர வேலைப்பாடு போன்றவற்றை மாற்றுவதற்கு நகரசபையின் ஹெரிட்டேஜ் பெர்மிற் வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. சின்ன வேலை என்றால் அதிகாரிகளே முடித்துத் தருவார்கள். உள்ளே நீங்கள் குசினியை உடைத்துப் பெருப்பித்தாலும் அந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. வழக்கமான கட்டட பெர்மிற் மட்டும் போதும். மலிவு பிளாஸ்ரிக் யன்னல், முற்றத்தை உடைத்துக் கார் விட ஓர் இடம் என்ற இரண்டு கனவையும் விட்டுவிட்டால் சட்டத்தோடு உங்களுக்குப் பெரிய சண்டை வராது. மாவிலைத் தோரணம் கட்டப் பெர்மிற் தேவையில்லை, நான் கேட்கவும் இல்லை! வெளிப்புறத்தைப் பழைய முறைப்படி திருத்தினால் செலவில் பாதிவரை தரக்கூடிய ஹெரிட்டேஜ் மானியம் ஒன்றும் நகரசபையிடம் உண்டு. வேலை தொடங்க முதல் விண்ணப்பிக்க வேண்டும்.

இப்போது பயப்பட வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். வீடு பார்க்கப் போனால் ஏஜென்ற் உங்களை மேலே கூட்டிக்கொண்டு போய்ப் புதுக் குளியலறையைக் காட்டுவார். நீங்கள் முதலில் பேஸ்மென்றுக்கு இறங்குங்கள். அண்ணாந்து பாருங்கள். மரச்சட்டங்களில் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள் இருந்து, அவற்றைப் பிடித்தபடி துணி சுற்றிய கம்பி ஓடினால் அது நொப் அன்ட் ரியூப் என்கிற பழைய கால வயரிங். அதை முழுதாக மாற்றாமல் இன்சூரன்ஸ் தர மறுக்கிற கம்பனிகள் பல. இன்சூரன்ஸ் இல்லையென்றால் வங்கி மோர்ட்கேஜ் (வீட்டுக் கடன்) தராது. அடுத்து, தண்ணீர்க் குழாய் சுவருக்குள்ளால் வந்து மீற்றரில் சேரும் இடத்தைப் பாருங்கள். திறப்பால் மெல்லச் சுரண்டினால் உள்ளே வெள்ளி போலப் பளபளக்கிறதா, காந்தம் ஒட்டவில்லையா, அப்படியென்றால் ஈயக் குழாய். 1950களின் நடுப்பகுதிக்கு முந்திய வீடுகளில் அது இருக்கலாம். குழந்தை பிறக்கப்போகிறது என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே இதை விளையாட்டாக எடுக்க வேண்டாம். உங்கள் வளவுக்குள் வருகிற துண்டை நீங்கள் மாற்றினால், தெருப்பக்கத் துண்டை நகரசபை மாற்றித் தருகிற திட்டம் இருக்கிறது.

பிறகு செங்கல். இந்த வீடுகளின் பழைய செங்கல் மென்மையானது. அதனால் அந்தக் காலத்தில் அதைவிட மென்மையான சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டினார்கள். சுவருக்குள் போன ஈரம் சாந்து வழியாக வெளியேறிவிடும். அவசரத்தில் திருத்தும் மேசன் அதன்மேல் சீமெந்து பூசிவிடுவார். ஈரம் போக வழியில்லாமல் செங்கலுக்குள் நின்று, குளிருக்கு உறைந்து விரியும். என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி அப்படி ஒரு முன்சுவர் இருக்கிறது. சாந்து கல்லுப்போல அப்படியே நிற்க, செங்கலின் முகம் அப்பளம் மாதிரிப் பெயர்ந்து விழுகிறது. வாங்கப் போகிற வீட்டில் செங்கற்களுக்கு இடையே சாம்பல் நிறத்தில் சீமெந்து திட்டுத்திட்டாகத் தெரிந்தால், விலை பேசும்போது அதைச் சொல்லிப் பேசுங்கள். பெயின்ற் அடித்து மறைத்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டு மோர்ட்கேஜ் கட்டுவதுதானே எங்கட ஆக்களின் வழமையான கணக்கு? இங்கே அது எளிதில் சரிவராது. பல வீடுகளில் பேஸ்மென்ற் நிலக்கரியும் அடுப்பும் வைக்கத் தோண்டிய குழி, அவ்வளவுதான். இருக்கிற வீட்டில் இரண்டாவது குடியிருப்பு அமைக்க 1.95 மீற்றர் உயரம் வேண்டும். அந்த உயரம் இல்லாவிட்டால் அத்திவாரத்துக்குக் கீழே தோண்டி இறக்க வேண்டும். இங்கே அநேகமானவை ஒட்டு வீடுகள், சுவர் பொதுச் சுவர். பொறியியலாளர், கட்டட பெர்மிற், அதற்கு மேல் பக்கத்து வீட்டாரின் சம்மதம் என்று போகும். அவர் சம்மதிக்காமலும் விடலாம். ஆகவே பேஸ்மென்ற் வாடகையை வரவில் எழுதாமல் கணக்குப் போடுங்கள்.

காசு விஷயத்தில் 12 லட்சம் டொலர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறைந்தபட்ச முற்பணம் முதல் 5 லட்சத்துக்கு 5 வீதம், மீதிக்கு 10 வீதம், மொத்தம் 95,000. விலை 15 லட்சத்தைத் தொட்டால் முழுத் தொகைக்கும் 20 வீதம். ரொறொன்ரோவுக்குள் வாங்கினால் நில மாற்று வரி இரண்டு தடவை, மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. 12 லட்சத்துக்கு இரண்டும் சேர்ந்து 40,950. அதை மோர்ட்கேஜில் சேர்க்க முடியாது, கையிலிருந்து கட்ட வேண்டும். மார்க்கத்தில் நகர வரி இல்லை, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முதல் வீடு வாங்குபவருக்கு மாகாணம் 4,000 வரையும் நகரம் 4,475 வரையும் திருப்பித் தரும். இங்கேதான் எங்கட ஆக்கள் மாட்டுப்படுகிறார்கள். "முதல் வீடு" என்றால் கனடாவில் முதல் வீடு அல்ல, உலகத்தில் எங்கேயும் வீடு இருந்திருக்கக் கூடாது. உங்கள் மனைவிக்கு ஊரில் சீதனமாக வீடு எழுதியிருந்து, கலியாணத்துக்குப் பிறகும் அது அவர் பெயரில் இருந்தால், உங்களுக்கும் அந்தச் சலுகை இல்லை. சட்டத்தரணி கேட்கும்போது உள்ளதைச் சொல்லுங்கள். வேர்க் பெர்மிற்றில் இருக்கிற மைத்துனரின் பெயரையும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் போட யோசிப்பதாக எழுதியிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். உறுதியில் குடியுரிமையோ பி.ஆரோ இல்லாத ஒரேயொரு வெளிநாட்டவர் இருந்தாலும் மாகாணத்தின் 25 வீத வரி வீட்டின் முழு விலைக்கும் விழும். 2025 தொடக்கத்திலிருந்து ரொறொன்ரோ தன் பங்குக்கு இன்னும் 10 வீதம் வைத்திருக்கிறது. மைத்துனர் உதவுவதானால் காசாகத் தரட்டும்.

எல்லாம் கட்டி முடித்த பிறகும் வயரிங், குழாய், கூரை என்று ஒரு பெரிய வேலைக்குக் கையில் காசு மிஞ்ச வேண்டும். மிஞ்சாதென்றால் இந்தப் பகுதி இப்போதைக்கு வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று வருஷம் சேமியுங்கள். மிஞ்சுமென்றால் மாமா சொல்வதைக் கேட்க வேண்டாம்.

இங்கே வாழ்வது எப்படி என்றும் கேட்டீர்கள். கார் இல்லாமல் வாழலாம். கார்ல்ரன் ஸ்ரீற்கார் பக்கத்திலேயே ஓடுகிறது, காசில் பிராங்க் சப்வேக்கு நடந்து போகலாம். பிள்ளைகளுக்கு ரிவர்டேல் பண்ணை இலவசம். கார் இருந்தால் தெருவில்தான் விட வேண்டும், அதற்கும் பெர்மிற், பனிக்காலத்தில் தலையிடி. நல்ல மீனுக்கும் முருங்கைக்காய்க்கும் நான் ஸ்காபரோ போய்த்தான் வருகிறேன். மீன் பொரிக்கிற புகைபோக்கியைப் பின்பக்கமாக விடுங்கள். தெருப்பக்கம் விட்டால் அதற்கும் ஹெரிட்டேஜ் அனுமதி, பக்கத்து வீட்டாரின் முகமும் சுருங்கும். செப்டம்பரில் இங்குள்ள பாதுகாப்புச் சங்கம் சில வீடுகளைத் திறந்து சுற்றிக் காட்டும். டிக்கெற் வாங்கி மனைவியோடு போய் உள்ளே நின்று பாருங்கள். ஏஜென்ற் அவசரப்படுத்தாமல் பார்க்கக் கிடைக்கிற ஒரே சந்தர்ப்பம் அது.

அம்மா அப்பாவை ஸ்பொன்சர் பண்ணி இங்கே கூப்பிடுகிற எண்ணம் இருந்தால் மட்டும் இன்னொரு தரம் யோசியுங்கள். இந்த வீடுகளின் மாடிப்படி ஒடுக்கம், செங்குத்து. கீழ்த்தளத்தில் படுக்கை அறையும் குளியலறையும் உள்ள வீடு அபூர்வம். முழங்கால் நோவோடு இருக்கிற அம்மாவுக்கு ஸ்காபரோவில் ஒரு பங்களோ வீடுதான் சரி.