டைனோசர் படத்தின் ‘ஒரிஜினல்’ ரீல்: 2 லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: ஊமைப்பட ரீல்கள் சேகரிக்கிறேன். 1925-ல் வந்த ‘தி லாஸ்ட் வேர்ல்ட்’ படத்தின் 16 எம்.எம். பிரிண்ட் ஒன்றை, ‘முழுப் படம், ஒரிஜினல் நைட்ரேட்’ என்று சொல்லி ஒரு தரகர் 2 லட்சம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: தயவுசெய்து முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொன்ன ஒரே வரியில் இரண்டு தவறு இருக்கிறது.

நைட்ரேட் என்பது அந்தக் காலத்து ஃபிலிம் வகை, எளிதில் தீப்பற்றும். வீட்டில் ஓட்டுவதற்காக 1923-ல் கோடக் 16 எம்.எம். அகல ஃபிலிமைக் கொண்டுவந்தபோது, எளிதில் தீப்பற்றாத அசிடேட் என்ற வகையில்தான் செய்தார்கள். ‘நைட்ரேட்’ என்று சொன்னால் விலை ஏறும், அவ்வளவுதான்.

‘முழுப் படம்’ என்பது அடுத்த தூண்டில். தியேட்டருக்கு வந்தது 10 ரீல். கோடக், வீட்டில் ஓட்டப் படங்களை வாடகைக்குத் தந்த தன் ‘கோடாஸ்கோப்’ நூலகத்துக்காக அதை ஏறக்குறையப் பாதியாகச் சுருக்கியது. பல்லாண்டுகள் உலகம் பார்த்தது அந்தச் சுருக்கத்தைத்தான். பின்னாளில் செக் நாட்டு ஆவணக் காப்பகப் பிரதி உட்படப் பல துண்டுகளை ஒட்டித்தான் படத்தை மீட்டார்கள். அதனால்தான் இதன் மேல் இவ்வளவு மோகம். படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் கலைஞர் வில்லிஸ் ஓப்ரையன் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திய டைனோசர் பொம்மைகளில் யாரும் பார்க்காத ஒரு ஷாட் நம் டப்பாவில் இருந்துவிடாதா என்ற ஆசை எனக்கும் உண்டு.

ஃபிலிமின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கோடக் ஃபிலிமில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருக்கும். ஃபிலிம் தயாரான ஆண்டை அவை காட்டும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அந்தக் குறிகள் 20 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். 1925-ன் குறியே 1945-க்கும் 1965-க்கும் பொருந்தும். தரகர் முதல் ஆண்டை மட்டும் சொல்வார். ஓரத்தில் இரண்டு விதக் குறிகள் ஒன்றின் மேல் ஒன்றாக மங்கலாகத் தெரிந்தால், அது பிரதியிலிருந்து எடுத்த பிரதி. பழைய கோடாஸ்கோப் பிரிண்ட் பெரும்பாலும் தேன் நிறத்தில் இருக்கும். வெறும் கறுப்பு வெள்ளை என்றால் இன்னும் துருவிக் கேளுங்கள்.

தரகரை விட்டு இணைய ஏலத்துக்குப் போனாலும், பல தளங்கள் பொருளைச் சோதிப்பதில்லை. விற்பவர் எழுதிக் கொடுப்பதை அப்படியே போட்டுவிட்டு, புகார் போனால் ‘பொருள் வந்து சேர்ந்ததே’ என்று கைகழுவுகின்றன. ஒவ்வொரு தடவையும் வாங்குபவர்தான் நஷ்டப்பட வேண்டுமா?

கடைசியாக, டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட் அழுகத் தொடங்கிவிட்டது. ரீல் சுருங்கும், நெளியும், பக்கத்து ரீலையும் கெடுக்கும். அதை இலவசமாகக் கொடுத்தாலும் உங்கள் அலமாரிக்குள் விடாதீர்கள்.