மெத்தைக்கு உள்ளே என்ன இருக்கு? (நுகர்வோர் கேள்வி-பதில்)

ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு மெத்தைக் கடிதங்கள் குவிந்துவிட்டன. மிக்ஸி, இன்வெர்ட்டர் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: 78-க்கு 72, எட்டு இன்ச் உயரம், பாக்கெட் ஸ்பிரிங் (ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தனித் துணிப்பையில் இருப்பது). ஒரு கடையில் 14,000 சொல்கிறார்கள், எதிர்க் கடையில் 31,000. படுத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எதை எடுப்பது?
– வாசகர், திருப்பூர்

பதில்: புது மெத்தை எல்லாமே முதல் ஐந்து நிமிடம் சுகமாகத்தான் இருக்கும். மேல் துணியையும் தையல் பூவையும் விட்டுவிட்டு, இரண்டு கடையிலும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள்.

எட்டு இன்ச்சில் ஸ்பிரிங் எத்தனை இன்ச், ஃபோம் எத்தனை இன்ச்? ஐந்து இன்ச் ஸ்பிரிங்குக்கு மேல் நல்ல ஃபோம் வைத்தாலும் எட்டு வரும், குட்டை ஸ்பிரிங்கை வைத்து மட்டமான ஃபோமைத் திணித்தாலும் எட்டு வரும்.

அடுத்து கம்பியின் தடிமன். 1.8 மில்லிமீட்டருக்கும் 2 மில்லிமீட்டருக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஸ்பிரிங்கின் அகலமும் சுற்றுகளும் ஒன்றாக இருந்தால், 2 மி.மீ. கம்பி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விறைப்பாக நிற்கும். அதற்காகத் தடிமன் கூடக் கூட நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பது கிலோ ஆளுக்கு அது முரடாகத்தான் இருக்கும். தொண்ணூறு கிலோ ஆளுக்கு வேண்டும்.

மூன்றாவது, மேலடுக்கு ஃபோமின் டென்சிட்டி. 32, 40 என்று சொல்வது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்கிற கணக்கு. மெத்தையில் குழி விழுந்தால் எல்லோரும் ஸ்பிரிங்கைத் திட்டுகிறோம். பெரும்பாலும் முதலில் அமுங்கிப்போவது ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் மட்டமான ஃபோம்தான். விலையைக் குறைக்கிறவர்கள் கை வைப்பதும் அங்கேதான்.

கடைசியாக ஓரம். ஸ்பிரிங்கைச் சுற்றிக் கெட்டி ஃபோமில் சட்டம் கட்டியிருக்கிறார்களா என்று கேளுங்கள், ஓரத்தில் உட்கார்ந்தும் பாருங்கள். அதைப் பார்க்காமல் வாங்கிய ஒன்று என் வீட்டில் இருக்கிறது. காலையில் சாக்ஸ் போட உட்கார்ந்தால் மெதுவாகச் சரிந்து தரைக்கு வந்துவிடுவேன். மாற்றவும் மனசில்லை, கொடுத்த காசு அப்படி.

14,000 கடைக்காரர் நான்குக்கும் பதில் சொல்லி, 31,000 கடைக்காரர் "பிராண்டுங்க" என்று மட்டும் சொன்னால் 14,000-ஐ எடுங்கள். இரண்டு பேருமே தலையைச் சொறிந்தால் மூன்றாவது கடைக்குப் போங்கள், திருப்பூரில் கடைக்கா பஞ்சம்?

கேள்வி: ஒற்றைக் கட்டிலுக்கான மெத்தையில் 1000 ஸ்பிரிங் இருக்கிறது என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– வாசகி, பெருந்துறை

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 72-க்கு 36 இன்ச் என்றால் 183-க்கு 91 சென்டிமீட்டர். ஒரு ஸ்பிரிங் 6 செ.மீ. அகலம் என்று வைத்தால் நீளத்தில் 30, அகலத்தில் 15, மொத்தம் 450. 78-க்கு 72 மெத்தையில் அதே ஸ்பிரிங் 33-க்கு 30 என்று 990 வரும். ஆக, அவர் பெரிய மெத்தையின் எண்ணிக்கையைச் சின்ன மெத்தைக்குச் சொல்கிறார். இல்லையென்றால் ஸ்பிரிங் ரொம்பப் பொடிசு, அல்லது ஸ்பிரிங் இரண்டு அடுக்காக இருந்து, இரண்டையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். எது என்று அவரிடமே கேளுங்கள். முகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள்.

கேள்வி: அப்பாரு காலத்துக் கயிற்றுக் கட்டில் இருக்கிறது. அதன்மேல் பாக்கெட் ஸ்பிரிங் மெத்தை போடலாமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: கூடாது. அடியில் தட்டையான பலகை வேண்டும். சட்டம் அடித்த கட்டில் என்றால் இடைவெளி மூன்று இன்ச்சைத் தாண்டக் கூடாது. கயிற்றுக் கட்டிலுக்கு ஒரு சென்னிமலைப் போர்வை போதும், வேப்ப மரத்தடியில் போட்டுக்கொள்ளுங்கள். எனக்கும் ஒரு இடம் வையுங்கள்.

கேள்வி: மகள் கல்யாணத்துக்குச் சீராகக் கட்டில், பீரோவோடு பாக்கெட் ஸ்பிரிங் மெத்தையும் வாங்கிக் கொடுத்தோம். 28,000 ரூபாய். ஏழு மாதத்தில் நடுவில் குழி. தையல்காரரை வைத்து அடி ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால் பைக்குள் தைத்த ஸ்பிரிங்கே இல்லை, ஒன்றோடொன்று கம்பியால் பின்னிய ஸ்பிரிங். கடையில் கேட்டால் "இது எங்க சரக்கே இல்லீங்க" என்கிறார்கள். கையில் இருப்பது எஸ்டிமேட் சீட்டு மட்டும்தான். சம்பந்தி வீட்டில் தலைகாட்ட முடியவில்லை.
– ஒரு தாய், கோபி

பதில்: அம்மா, தலைகுனிய வேண்டியவர் கடைக்காரர், நீங்கள் இல்லை. நீங்கள் பார்த்தது பொன்னெல் ஸ்பிரிங். இடுப்பு சிறுத்த ஸ்பிரிங்குகளைச் சுருள் கம்பியால் சேர்த்துக் கட்டியிருப்பார்கள், ஒன்று அமுங்கினால் பக்கத்தில் இருப்பதும் அமுங்கும். பாக்கெட் ஸ்பிரிங்கில் ஒவ்வொன்றும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால் தனியாக அமுங்கும். பொன்னெல் மோசமான பொருள் இல்லை, விலை குறைந்த பொருள். அதைப் பாக்கெட் விலைக்கு விற்றதுதான் மோசடி.

மெத்தையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பிரித்த இடத்தைப் படம் எடுத்து வையுங்கள். பணத்தைப் போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, வாட்ஸப்பில் பேசியது, வண்டியில் வந்து இறக்கியவரின் எண் எல்லாம் சாட்சிதான். எஸ்டிமேட் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள், கடைக்காரர் கையெழுத்து இருக்கிறதே. முதலில் ஸ்பீட் போஸ்டில் கடைக்கு ஒரு கடிதம் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் புகார் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

இனி மற்றவர்களுக்கு. இந்த எஸ்டிமேட் சீட்டைப் பற்றி எழுதி எழுதி எனக்கே அலுத்துவிட்டது. "பில்லு வேணும்னா ஜிஎஸ்டி சேர்ந்துருமுங்க" என்று கடைக்காரர் பாசமாகச் சொல்கிறார். நாமும் 18 சதவீதம் மிச்சம் என்று சந்தோஷமாகத் தலையாட்டுகிறோம். கடைப் பெயரே இல்லாத ஒரு துண்டுக் காகிதம், அதில் "மெத்தை 1" என்று பால்பாயின்ட் பேனாக் கிறுக்கல். என்ன மெத்தை, என்ன அளவு, உள்ளே என்ன, ஒன்றும் இருக்காது. மறுநாளே அவர் "எங்க சரக்கு இல்லீங்க" என்று சொல்ல வசதியாகத்தான் அது அப்படி இருக்கிறது. ஒன்றரைப் பவுன் தோடு வாங்கினால் கல் எடை, சேதாரம் எல்லாம் பில்லில் இருக்கிறதா என்று மூன்று முறை படிக்கிற நம் சனம், முப்பதாயிரத்துக்கு மெத்தை வாங்கும்போது மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது? பில் தராமல் விற்பது அந்த 2019 சட்டப்படியே முறையற்ற வணிகம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அடியில் அச்சடித்துவிட்டால் குறையுள்ள பொருளுக்கும் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். அதுவும் செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகத்தில்தான் சேரும்.

பில்லில் இந்த ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள்: "பாக்கெட் ஸ்பிரிங், கம்பி 2 மி.மீ., மேல் ஃபோம் 40 டென்சிட்டி." என்ன சொல்லி விற்றாரோ அதுவே எழுத்தில் வர வேண்டும். எழுத மாட்டேன் என்பவர் கடையில் காபி கொடுத்தாலும் குடிக்காதீர்கள்.

கேள்வி: ராத்திரி ஆஃபரில் ஆன்லைனில் 78-க்கு 60 மெத்தை வாங்கினேன். கட்டில் 75 இன்ச்தான் என்று வந்த பிறகுதான் தெரிந்தது. கால்மாட்டில் மூன்று இன்ச் துருத்துகிறது. இரண்டு மாதமாகப் படுத்துக்கொண்டிருக்கிறோம். குழந்தை பால் கொட்டிவிட்டது. திருப்பிக் கொடுக்க முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: முடியாது. இன்ச் டேப் இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது.

கேள்வி: இடுப்பு வலி. "ஆர்த்தோ" மெத்தை, பலகை மாதிரி கெட்டியாக இருந்தால்தான் நல்லது என்கிறார்கள். சரியா?
– வாசகி, தாராபுரம்

பதில்: "ஆர்த்தோ" என்பது கம்பெனி தானே ஒட்டிக்கொள்கிற பெயர். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில், ரொம்பக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது. கடையில் நீங்கள் வழக்கமாகப் படுக்கிற பக்கம் திரும்பி, கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். விற்பனைப் பையன் முறைத்தால் முறைக்கட்டும். வலி காலுக்கு இறங்கினால் மெத்தைக் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: பத்து வருட வாரண்டி என்கிறார்களே, குழி விழுந்தால் மாற்றித் தருவார்களா?
– வாசகர், நாமக்கல்

பதில்: அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். யாரும் படுக்காதபோதே ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் குழி இருந்தால்தான் கணக்கில் எடுப்போம் என்று பல கம்பெனிகள் போட்டிருக்கும். கறை இருந்தால் கிடையாது, கட்டில் சரியில்லை என்றாலும் கிடையாது. சிலர் வருடம் ஆக ஆக உங்களிடமே ஒரு பங்கு பணம் கேட்பார்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் தென்னை நார் இத்தனை இருக்க, ஸ்பிரிங் மெத்தை எதற்கு?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: தாராளமாக நார் மெத்தையே வாங்குங்கள். நாரோடு ரப்பர் பால் சேர்த்துச் செய்தது கெட்டியாக இருக்கும், காற்றும் போகும், நம் வெயிலுக்கு ஏற்றது. நாளாக ஆக, ஆள் படுக்கிற இடத்தில் நார் நொறுங்கித் தாழ்ந்துவிடும். புருஷன் புரண்டால் பொண்டாட்டிக்குத் தூக்கம் கலைகிற வீடுகளில் பாக்கெட் ஸ்பிரிங்தான் சண்டையைக் குறைக்கும்.

கேள்வி: மெத்தை வந்த பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமலே மேலே விரிப்புப் போட்டுப் படுக்கிறோம். புதுசாகவே இருக்கும் அல்லவா?
– வாசகி, கரூர்

பதில்: இன்றைக்கே பிரியுங்கள். வியர்வைக்கு வழியில்லாமல் உள்ளே பூஞ்சை பிடிக்கும். கறைக்குப் பயம் என்றால் துவைக்கிற மாதிரி மெத்தை உறை ஒன்று வாங்கிப் போடுங்கள். கரூரில் இருந்துகொண்டு உறைக்கா பஞ்சம்?