வீட்டிலிருந்தே குர்ஆன் வகுப்பு: கேள்வி பதில்

மேல்விஷாரம்: ஹஜ்ரத், 6 வயது மகள் ஜூமில் ஓதுகிறாள். ‘ஸீன்’ என்ற அரபு எழுத்து சரியாக வரவில்லை என்கிறார் ஓதித் தரும் ஆலிமா. நேரில் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது.

பதில்: பிள்ளை மேல் தப்பில்லை, ஜூம் விழுங்குகிறது. அதிலுள்ள இரைச்சல் நீக்கி, ஸீன், ஷீன், ஃபா போன்ற காற்று வரும் எழுத்துகளையும் இரைச்சல் கணக்கில் சேர்த்துவிடும். மூக்கால் வரும் குன்னா ஒலியை இழுத்தால் அதையும் நறுக்கும். ஆடியோ அமைப்பில் இரைச்சல் நீக்கத்தை ‘லோ’வில் வையுங்கள், இல்லையென்றால் ‘ஒரிஜினல் சவுண்ட்’ போடுங்கள். அப்புறம் மின்விசிறி கேட்கும், அதை நிறுத்திவிட வேண்டியதுதான். புளூடூத் வேண்டாம். மைக் வேலை செய்யத் தொடங்கியதும் பெரும்பாலும் அதன் ஒலித்தரம் பழைய போன் அளவுக்கு இறங்கிவிடும், ஸீனும் ஃபாவும் ஒன்றுபோலக் கேட்கும். வயர் வைத்த ஹெட்செட்டே போதும்.

துபாய்: உஸ்தாத் எகிப்துக்காரர், மதீனா முஸ்ஹஃபில் (மதீனாவில் அச்சிட்ட குர்ஆன் பிரதி) ஓதித் தருகிறார். மகன் ஊர் மக்தபில் (ஓதும் பள்ளி) நம் நாட்டுப் பிரதியில் பழகியவன். தெரிந்த இடத்திலேயே நின்றுவிடுகிறான்.

பதில்: நிற்கத்தான் செய்வான். நம் பிரதியில் நீட்டி ஓதும் மத்து எழுத்தான யே, வாவ் மேலேயும் ஸுகூன் (உயிரொலி இல்லை என்ற குறி) இருக்கும், மதீனாவில் வெறுமையாக விட்டிருப்பார்கள். நம்மிடம் நிற்கும் ஜேர் (நீண்ட ‘ஈ’ குறி), கவிழ்ந்த பேஷ் (நீண்ட ‘ஊ’ குறி) இருக்கும் இடத்தில் அங்கே குட்டி யே, குட்டி வாவ். அலிஃபின் மேல் சிறு வட்டம் வந்தால் அந்த எழுத்தை ஓதக்கூடாது என்று அர்த்தம், பையன் அதை ஸுகூன் என்று நினைப்பான். இந்த நாலையும் ஒரு தாளில் எழுதிக் காட்டி, தெரிந்த சூராக்களிலிருந்தே தொடங்குங்கள். ஹிஃப்ழ் (முழுக் குர்ஆன் மனனம்) நோக்கம் இருந்தால் மட்டும் ஒரே பிரதி, கடைசிவரை. ஆயத்து (வசனம்) அந்தப் பக்கத்தில் எந்த இடத்தில் இருந்தது என்பதும் சேர்ந்தே மனதில் பதிகிறது.

கீழக்கரை: மதீனாதானே அசல்? பழையதை ஏன் கட்டி அழவேண்டும்?

பதில்: இரண்டுமே ஓதல் இமாம் ஆஸிமிடமிருந்து அவர் மாணவர் ஹஃப்ஸ் அறிவித்த ஓதல்தான். வேறுபடுவது அடையாளங்களும் எழுத்து நடையும். மதீனாவின் மன்னர் ஃபஹ்து அச்சகமே நம் நாட்டு எழுத்திலும் அச்சிடுகிறது.

கீழக்கரை: அப்படியென்றால் மக்தபுகளில் ஏன் இன்னும் மாற்றவில்லை?

பதில்: எதற்கு மாற்றவேண்டும்? அங்கே ஓதித் தருகிறவர் எதில் ஓதினாரோ, பிழை திருத்த அவர் கண் அதில்தான் வேகமாக ஓடும். இதற்கு மேல் இந்தச் சண்டை வேண்டாம், பாக்கிக் கேள்விகள் நிற்கின்றன.

சிங்கப்பூர்: தமிழ் எழுத்தில் அச்சிட்ட யாஸீன் பார்த்து ஓதலாமா?

பதில்: ஸீன், ஸாத் இரண்டும் அதில் ஒரே ‘ஸ’. பழகிய தவறைத் திருத்துவது புதிதாய்க் கற்பதைவிடச் சிரமம். அரபு எழுத்து கற்கும் காயிதா பாடநூலிலிருந்து தொடங்குங்கள்.

காயல்பட்டினம்: மகன் 3 ஜுஸ்உ (குர்ஆனின் 30 பாகங்களில் 3) மனனம் செய்துவிட்டான். பழையது மறக்கிறது.

பதில்: மதீனா முஸ்ஹஃபில் 3 ஜுஸ்உ என்றால் ஏறக்குறைய 60 பக்கம். தினம் 10 பக்கம் பழையது பார்த்தால் 6 நாளில் ஒரு சுற்று. அது முடியாத நாளில் புதுப் பாடம் கொடுக்காதீர்கள். ஒத்த ஆயத்துகளைத் தனியாகக் கேளுங்கள்: பகரா சூராவில் 48ஆம் ஆயத்தில் ஷஃபாஅத் (பரிந்துரை) முன்னே, அத்ல் (ஈடு) பின்னே, 123இல் அத்ல் முன்னே, ஷஃபாஅத் பின்னே. பிள்ளைகள் ஒன்றில் தொடங்கி மற்றதற்குத் தாவிவிடுவார்கள்.

ரியாத்: எந்த முஸ்ஹஃப் வாங்கலாம்?

பதில்: உஸ்தாத் கையில் இருப்பது. மேலே படிக்கவும்.

சென்னை: குழு வகுப்பு மலிவு. சேர்க்கலாமா?

பதில்: ஜூம் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும். 8 பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 5 நிமிடம். கணக்கு போட்டுக்கொள்ளுங்கள்.

திருச்சி: கெய்ரோ உஸ்தாதின் வகுப்பு மாலை 6:30 மணிக்கு இருந்தது, ஏப்ரல் கடைசியில் திடீரென்று 5:30 ஆகிவிட்டது.

பதில்: எகிப்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அக்டோபர் கடைசியில் திருப்புவார்கள். மாணவன் பள்ளிவிட்டு வர நேரமாகும் என்றால் இப்போதே பேசி வையுங்கள்.

கோவை: ஹைளு (மாதவிடாய்) நாட்களில் போனில் பார்த்து ஓதலாமா?

பதில்: இது ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) கேட்கவேண்டிய விஷயம். உங்கள் மத்ஹபை (சட்டப் பிரிவு) சொல்லி மஹல்லா இமாமிடம் கேளுங்கள்.

வேலூர்: மதீனா முஸ்ஹஃப் நல்லதா, நம்முடையது...

பதில்: அடுத்த கேள்வி.