களத்துக் காவலுக்கு இருந்த செவலை
கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட் கைமாறியது. களத்தில் காயும் காபிக்குக் காவலாக அங்கே ஒரு நாய் இருந்தது. புதிதாக வாங்கியவர்கள் அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வயரிங் வேலைக்குப் போயிருந்த என் கணவர், கழுத்தில் சங்கிலிப் புண்ணோடு கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான்கைந்து வயது இருக்கும். செம்மண் நிறம், கறுத்த வாய். கோம்பை கலப்பு என்றார் எஸ்டேட் வாட்ச்மேன். செவலை என்று கூப்பிடுகிறோம். பகலில் குழந்தை மாதிரி தூங்குகிறது. எங்கள் காம்பவுண்ட் சுவர் குட்டை, இரண்டு முறை தாண்டித் தெருவுக்குப் போய்விட்டது. அதனால் ராத்திரி உள்ளே விடுகிறோம். ஆனால் படுப்பதே இல்லை. வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறது, மூச்சு வாங்குகிறது, ஆட்டோ போனால்கூடக் குரைக்கிறது. டைல்ஸில் கால் வைக்கப் பயம். வாசற்படி ஓரம் சிறுநீர் கழித்துவிடுகிறது. பக்கத்து வீட்டில் சொல்லிக் காட்டிவிட்டார்கள். "நடுவீட்டில் நாயைப் படுக்க வைப்பதா" என்கிறார் அத்தை. மறுபடி கட்டிப் போட எனக்கு மனமில்லை. இரண்டு வாரமாக வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. என்ன செய்வது?
- ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: கட்டிப் போட மனமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனசு மாறாமல் இருக்கட்டும். நாயை ஓயாமல் குட்டைச் சங்கிலியில் வைத்திருப்பதும், நடக்க விடாமல் அடைத்தே வைப்பதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றம். உங்கள் கணவர் செய்தது பெரிய காரியம்.

ஏற்காட்டில் பல வருடம் வைத்தியம் பார்த்தவள் நான். காபி சீசனில் அந்தக் களங்கள் எப்படி இருக்கும் என்று தெரியும். பறித்த காபியைப் பரப்பிக் காய வைத்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஆட்கள் லைன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அப்புறம் விடியும் வரை நாய்தான் எல்லாம். காட்டெருமை இறங்கினால் சத்தம் கொடுக்க வேண்டும், ஆள் நடமாட்டம் தெரிந்தால் சத்தம் கொடுக்க வேண்டும். பகலில் அதை எழுப்புவார் கிடையாது. வருடக்கணக்கில் இப்படியே இருந்த நாய்க்கு ராத்திரி என்பது வேலை நேரம். பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் "படு" என்கிறீர்கள். அதன் கணக்கில் அப்போதுதான் பொறுப்பு தலையில் ஏறுகிறது. போதாததற்கு, புது இடத்தில் எதைக் காக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதே அதற்குத் தெரியாது. எனவே எல்லாவற்றுக்கும் குரைக்கிறது. நமக்குக் காதில் விழும் ஒலி 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்கு 45,000 வரை கேட்கும் என்பார்கள். உங்கள் தெருவின் ராத்திரி அதற்கு எவ்வளவு இரைச்சலாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நானும் ஒரு காலத்தில் இதைத் தப்பாகத்தான் செய்தேன். மலையிலிருந்து வந்த ஒரு காவல் நாயை முதல் ராத்திரி ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினேன். களைத்துப்போய்த் தானே தூங்கிவிடும் என்று நினைத்தேன். காலையில் கதவின் அடிப்பக்கம் முழுக்கக் கீறல். முன்கால் நகம் இரண்டு உடைந்து தரையெல்லாம் ரத்தம். அந்த நகங்களுக்குக் கட்டுப் போட்டபோது அது என் கையை நக்கிக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் அது எனக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் காவல் நாயையும் நான் அடைப்பதில்லை. கூண்டு வாங்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், செவலைக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அந்த நாயிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்: காவலை விடச் சொன்னால் அது விடாது. காவலை முடித்துக் கொடுத்தால் படுத்துவிடும்.

எப்படி என்றால், தினமும் ராத்திரி ஒன்பதரைக்குக் கயிற்றில் பிடித்து வீட்டைச் சுற்றி ஒரு நடை போங்கள். கேட், மோட்டார் ரூம், துவைக்கிற கல், பின்வாசல் என்று தினமும் ஒரே வழி. அவசரப்படுத்தாதீர்கள், ஒவ்வோர் இடத்திலும் மோந்து பார்த்து முடிக்கட்டும். சிறுநீர் கழிக்க அங்கேயே நேரம் கொடுங்கள். போனதும் "நல்ல பிள்ளை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடைசியில் அதன் கண் முன்னால் கேட்டைப் பூட்டுங்கள். பூட்டுகிற சத்தம் அதன் காதில் விழ வேண்டும். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தி, ஏதாவது ஒரே வார்த்தை. நான் "ஆச்சு" என்று சொல்வேன். சொன்னதும் கையால் ஒரு வாய் களி உருண்டை. முதல் வாரம் இதெல்லாம் வீண் வேலை என்று தோன்றும், விடாதீர்கள். சுற்றிப் பார்த்தாயிற்று, பூட்டியாயிற்று, இனி ஒன்றும் இல்லை என்பது நாள்பட அதற்குப் பிடிபடும்.

படுக்கும் இடத்தை நீங்கள் முடிவு செய்வதைவிட அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முதுகுக்குச் சுவர் இருக்க வேண்டும், வாசல் கண்ணில் பட வேண்டும், நீங்களும் கண்ணில் பட வேண்டும். ஹாலில் அப்படி ஒரு மூலை நிச்சயம் இருக்கும். தெருப்பக்க ஜன்னலின் கீழ்க்கதவை மூடிவிடுங்கள். டைல்ஸில் வழுக்குவது அந்த நாய்க்கு நிஜமான பயம், மண்ணிலேயே நடந்த கால் அது. வாசலிலிருந்து அந்த மூலை வரைக்கும், அங்கிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும் பழைய ஜமக்காளத்தை வழி மாதிரி விரித்துவிடுங்கள். இன்னொன்று, அந்த வாட்ச்மேனின் போன் நம்பர் இருந்தால் செவலை படுத்திருந்த சாக்கைக் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அழுக்காக இருந்தாலும் துவைக்காதீர்கள். உண்ணி இருந்தால் மட்டும் நல்ல வெயிலில் காயப்போட்டு உதறிவிட்டு விரியுங்கள். அந்த வாசனைதான் இங்கே அதற்குத் தெரிந்த ஒரே பொருள்.

உங்களில் ஒருவர் ஒரு பத்து நாள் ஹாலிலேயே பாய் போட்டுப் படுங்கள். இதை மட்டும் தட்டிக் கழிக்காதீர்கள். அது குரைத்தால் படுக்கையிலிருந்து அதட்டாதீர்கள், நீங்களும் சேர்ந்து குரைப்பதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். எழுந்து போய் அது பார்க்கும் பக்கம் நீங்களும் பாருங்கள். "சரி செவலை, பார்த்தாச்சு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து படுத்துவிடுங்கள். பின்னாலேயே வரும். வராவிட்டால் இன்னொரு முறை. தகவல் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் காவல் நாய் தொடர்ந்து குரைக்காது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இப்போதே நேரில் போய், இன்னும் மூன்று நான்கு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேளுங்கள். நாய் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லுங்கள்.

பகல் தூக்கத்தைக் கொஞ்சம் கலைக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும் நடை, நடுவில் தேங்காய் நாருக்குள் களி உருண்டையை ஒளித்துவைத்துத் தேட விடுவது, இவ்வளவு போதும். ராத்திரிச் சாப்பாட்டை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். வேகவைத்த எலும்பு வேண்டாம், சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும்.

மூச்சு வாங்குவதைத் தனியாகப் பார்க்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கியதும் சீதோஷ்ணமே வேறு. அந்தக் குளிரில் இருந்த உடம்புக்கு இங்கே ராத்திரியும் புழுக்கம்தான். சாக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் வெறும் தரையையும் விட்டுவையுங்கள், வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். ஃபேனைக் கண்டு மிரண்டால் பகலில் குறைந்த வேகத்தில் ஓடவிட்டுப் பழக்குங்கள். நன்றாகத் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறது என்று எண்ணுங்கள். தினமும் 30-க்கு மேல் இருந்தால், ஈறு வெளுத்திருந்தால், சாப்பாடு குறைந்தால், உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். எஸ்டேட் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் அடிக்கடி வரும். இவை எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு முறை காட்டி, கழுத்துப் புண்ணுக்கு மருந்தும் வெறிநாய்த் தடுப்பூசியும் குடற்புழு மாத்திரையும் வாங்கிவிடுங்கள். புண் ஆறும் வரை கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில் கயிற்றை மாட்டுங்கள். வலிக்கு நாம் போடும் மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள், பாரசிட்டமால்கூட நாய்க்கு நஞ்சாகிவிடும்.

வாசற்படிச் சிறுநீரைத் தண்ணீரில் வினிகர் கலந்து துடையுங்கள். ஃபினாயில் வேண்டாம், நாயின் பாதத்துக்கும் நாக்குக்கும் கெடுதல்.

அத்தை சொல்வதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். பூஜை அறையும் சமையலறையும் அவருடையவை. முதல் நாளிலிருந்தே அந்த இரண்டு நிலைப்படியையும் செவலை தாண்டக் கூடாது என்று வையுங்கள், காவல் நாய்கள் எல்லையைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். முடிந்தால் அந்த ஒன்பதரை மணி களி உருண்டையை அத்தை கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: காவலுக்கு வைத்திருந்த ஒருவர் துரத்திவிட்ட வெள்ளை ராஜபாளையம் நாயை எடுத்து வளர்க்கிறேன். ராத்திரி திண்ணையில் தூங்கும்போது தொட்டால் பாய்ந்து சீறுகிறது. கூப்பிட்டால் திரும்புவதுகூட இல்லை. திமிர் பிடித்த நாய் என்கிறார்கள்.
- ஒரு வாசகர், அயோத்தியாப்பட்டணம்

பதில்: திமிராக இருக்காது, காது கேட்கவில்லையோ என்று பாருங்கள் ஐயா. முழு வெள்ளை நாய்களில் பிறவியிலேயே செவிடு உண்டு, ராஜபாளையத்திலும் உண்டு. அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பின்னாலிருந்து எவர்சில்வர் தட்டைக் கையில் பிடித்துத் தட்டுங்கள். தரையில் அதிர்வு போகக் கூடாது, உங்கள் நிழலும் படக் கூடாது. காது அசையவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவரை தூங்கும்போது யாரும் தொட வேண்டாம், குழந்தைகளை முக்கியமாகத் தள்ளி வையுங்கள். எழுப்ப வேண்டுமானால் இரண்டடி தள்ளி நின்று தரையைக் காலால் தட்டுங்கள், கண் திறந்து உங்களைப் பார்த்த பிறகு கிட்டே போங்கள். திண்ணையில் ஒரு சின்ன லைட்டை ராத்திரி முழுக்க எரிய விடுங்கள். கைச்சைகை கற்றுக்கொடுத்தால் நன்றாகவே பழகும்.