கல் உப்பைக் கழுவலாமா?

தைராய்டு பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்றால், வந்ததில் பாதிக்கு மேல் உப்பைப் பற்றி. தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும், அதை உப்பில்தானே சேர்க்கிறார்கள். சரி, இந்த முறை உப்பே இருக்கட்டும்.

கே: உப்பளத்திலிருந்து நேராக வாங்குகிறோம். கடல் உப்பில் அயோடின் இயற்கையாகவே இருக்குமே? (தூத்துக்குடி)

ப: கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். அயோடினோ 60 மைக்ரோகிராம் அளவுதான். அத்தனையும் உப்போடு வந்தாலும் 10 கிராம் உப்பில் 20 மைக்ரோகிராம்கூடத் தேறாது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 150, கர்ப்பிணிகளுக்கு 250. அந்தக் கொஞ்சமும் முழுசாக வருவதில்லை. பாத்தியில் உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு பெரும்பகுதி போய்விடுகிறது.

குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவிக்கும் மாநிலம் நம்முடையது. ஆனால் 2018-19 கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பு புழங்கும் வீடுகள் நாட்டில் 76.3 சதவீதம், இங்கே 61.9. எல்லா மாநிலங்களிலும் கடைசி இடம் நமக்குத்தான்.

கே: கல் உப்பில் தூசி இருக்கிறதென்று கழுவிக் காயவைத்து ஜாடியில் போடுவது எங்கள் வழக்கம். சரியா? (கும்பகோணம்)

ப: என் அம்மாவும் அப்படித்தான். மூங்கில் கூடையில் உப்பைக் கொட்டி, மேலே இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றி, வெயிலில் வைப்பார். வெள்ளை வெளேரென்று இருக்கும். அயோடின் மட்டும் இருக்காது. உப்பில் பொட்டாசியம் அயோடேட்டைக் கரைசலாகத் தெளிக்கிறார்கள். அது கல்லின் மேல்பரப்பில்தான் படிந்திருக்கும். முதல் செம்புத் தண்ணீரிலேயே பெரும்பாலும் இறங்கிவிடும். கடை வாசலில் ஈரம் கசிய நிற்கும் சாக்கு மூட்டைக்கும் இதே கதிதான்.

கல் உப்பை விடச் சொல்லவில்லை. அயோடின் சேர்த்த கல் உப்பே பாக்கெட்டில் கிடைக்கிறது. சிரிக்கும் சூரியன் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். மண் இருந்தால் கழுவாதீர்கள், தண்ணீரில் கரைத்துத் தெளியவைத்து அந்த உப்புத் தண்ணீரைக் குழம்பில் ஊற்றுங்கள். அயோடின் தண்ணீரில்தானே இருக்கிறது! அப்புறம், ஜாடியை மூடி, அடுப்புக்குத் தள்ளி வையுங்கள்.

கே: அயோடின் உப்பே பெரிய கம்பெனிகளின் சதி என்கிறார்களே? (சேலம்)

ப: காங்க்ரா பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்கிறேன். இமயமலை அடிவாரம், அயோடின் குறைவால் தைராய்டு வீங்கிக் கழுத்தில் கழலை தொங்குவது அங்கே சர்வசாதாரணம். 1956-இல் மருத்துவர் ராமலிங்கசாமி குழுவினர் அந்தப் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதா உப்பு. சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை நன்றாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது அதன் பிறகுதான். இன்றைய பாக்கெட் அயோடின் உப்பு அப்போது கடையில் ஏது?

ஆனால் சிறு உப்பளக்காரர்களின் மனக்குறையை நான் தள்ளிவிட மாட்டேன். சாதா உப்பை உணவுக்கு விற்கக்கூடாது என்று 1998-இல் தடை, 2000-இல் தடை நீக்கம், 2006-இல் மறுபடி தடை. தெளிப்பு எந்திரம் வாங்குவதா வேண்டாமா என்று அவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள்.

கே: தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். அயோடின் உப்பை நிறுத்தட்டுமா? (திருச்சி)

ப: நீங்களாக நிறுத்தாதீர்கள். சமையல் உப்பில் இருக்கும் அளவு பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது. தைராய்டு புற்றுக்குக் கதிரியக்க அயோடின் கொடுக்கும் முன் சில வாரம் நிறுத்தச் சொல்வார்கள். அது மருத்துவர் சொல்லிச் செய்வது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் எல்லாருக்கும் சேர்த்து உப்பை மாற்றுவது இன்னும் தப்பு. தாய்க்கு அயோடின் குறைந்தால் அடிவாங்குவது குழந்தையின் மூளை.

கே: இந்துப்பு? (மதுரை)

ப: கலர் அழகு. அயோடின் சேர்த்திருக்கிறது என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் ஒழிய, அதை நம்ப வேண்டாம்.

கே: பிரஷருக்காக உப்பைக் குறைத்துவிட்டேன். அயோடின் போதுமா? (கோவை)

ப: நல்ல கேள்வி. கிராமுக்கு 15 மைக்ரோகிராம் என்பது வீட்டுக்கு வரும் உப்பில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவு. ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் போட்டால் 75 கிடைக்கும். மீதிக்குப் பால், தயிர், முட்டை, மீன் கைகொடுக்கும். உப்பைக் கூட்ட வேண்டாம். போடுகிற கொஞ்சம் அயோடின் உப்பாக இருக்கட்டும்.

கே: வீட்டிலேயே சோதிக்க வழி உண்டா? (காரைக்குடி)

ப: உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கத்தில் உப்பைத் தடவுங்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு. நீலம் வந்தால் அயோடின் இருக்கிறது. எவ்வளவு என்று கிழங்கு சொல்லாது.