படிப்பு மகளைப் பணக்காரியாக்குமா? ஒரு தந்தையின் கடிதத்திற்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் மகளின் மேற்படிப்பு குறித்து நீங்கள் எழுதிய கடிதத்தை இருமுறை படித்தேன். பேச்சிலும் செவித்திறனிலும் குறைபாடு உள்ளவர்களுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் அளிக்கும் துறையில்தான் சேர்வேன் என்று அவர் உறுதியாக இருப்பதையும், பெருந்தொகை கடன் வாங்கியாவது நிதித்துறைப் படிப்பொன்றில் அவரைச் சேர்த்துவிட வேண்டுமென்று நீங்கள் எண்ணுவதையும் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் "அவள் கவலையில்லாமல் வசதியாக வாழ வேண்டும்" என்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் அதே விருப்பம் "அவள் பணக்காரியாக வேண்டும்" என்று மாறியிருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று கருதியே எழுதியிருப்பீர்கள். நான் ஆலோசனை கூறிய குடும்பங்களில் படிப்பைப் பற்றி நடக்கும் வாக்குவாதங்கள் பலவற்றுக்கு இந்த ஓர் இடமே தொடக்கமாக இருந்திருக்கிறது. ஆகவே படிப்பைப் பற்றிப் பேசுமுன் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது.

சம்பளம் என்பது மாதந்தோறும் வந்து செல்லும் வரவு. செல்வம் என்பது ஒருவருக்கு உள்ள சொத்துகளின் மதிப்பிலிருந்து அவர் தர வேண்டிய கடன்களைக் கழித்தபின் எஞ்சுவது. கணக்கர்கள் முதலாவதை வரவு செலவுக் கணக்கிலும் இரண்டாவதை இருப்புநிலைக் குறிப்பிலும் தனித்தனியே எழுதுவதற்குக் காரணம், ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிக்க முடியாது என்பதுதான். பெரிய சம்பளம் வாங்குபவரின் இருப்புநிலை கடனில் மூழ்கியிருக்கலாம். நடுத்தரச் சம்பளக்காரரின் இருப்புநிலை இருபது ஆண்டுகளில் நன்றாகத் தேறியிருக்கலாம். அதனால் செல்வத்தைத் தொகையால் அளப்பதைவிட, சம்பளம் நின்றுபோனால் இப்போதைய வாழ்க்கையை எத்தனை ஆண்டுகள் நடத்த முடியும் என்று ஆண்டுகளால் அளப்பதே தெளிவான வழி என்பது என் எண்ணம். வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994-ஆம் ஆண்டில் அமெரிக்கச் சந்தையின் பழைய தரவுகளை ஆராய்ந்து, சேமிப்பிலிருந்து முதல் ஆண்டில் 4 சதவீதம் எடுத்து, பின்னர் விலைவாசிக்கேற்ப அத்தொகையை உயர்த்திக்கொண்டே போனாலும் குறைந்தது 30 ஆண்டுகள் அது தீராது என்று காட்டினார். ஓர் ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேர்த்தவர் வேலையை விடலாம் என்று பலரும் சொல்வது அந்த ஆய்விலிருந்து பிறந்த கணக்கு. எல்லா நாட்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் அது அப்படியே பொருந்தாது என்றாலும், செல்வம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் காட்ட அது போதும்.

வசதி அவ்வளவு தொலைவில் இல்லை. அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, 2015-இல் வெளியிட்ட அறிக்கைக்காகப் பொதுமக்களிடம் நேர்காணல்கள் நடத்தி, பண நிம்மதி என்று மக்கள் எதைக் கருதுகிறார்கள் என்று கேட்டது. அதிலிருந்து நான்கு கூறுகளைத் தொகுத்தது: அன்றாட வரவு செலவு தம் கட்டுப்பாட்டில் இருப்பது, எதிர்பாராத செலவு வந்தால் தாங்கும் வலு இருப்பது, வகுத்துக்கொண்ட இலக்குகளை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பது, வாழ்க்கையில் தமக்குப் பிடித்த முடிவை எடுக்கும் சுதந்திரம் இருப்பது. இந்த நான்கில் எதுவும் குறிப்பிட்ட ஒரு வருமானத்தைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வருமானம் குறைந்தபட்சத் தேவைக்கும் கீழே இருந்தால் எவ்வளவு சிக்கனமும் உதவாது என்பது உண்மை. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால், வரவுக்கும் கட்டாயச் செலவுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் வசதியைத் தீர்மானிக்கிறது.

உங்கள் வீட்டுக் கேள்வியை இந்த இடைவெளியில் வைத்துப் பார்ப்போம். தொகைகளை அலகுகளாகவே சொல்கிறேன். நிதித்துறைக்குச் செல்பவர் கையில் மாதம் 100 அலகுகள் வருகின்றன என்று கொள்வோம். கல்விக்கடன் தவணைக்கு 40, வாழ்க்கைச் செலவுக்கு 55 போக, மீதம் 5. சிகிச்சைத் துறைக்குச் செல்பவருக்கு வருவது 60 மட்டுமே; ஆனால் கடன் இல்லை, வாழ்க்கைச் செலவு 42, மீதம் 18. ஆறு மாதக் கட்டாயச் செலவை அவசரத்துக்கென்று ஒதுக்கிவைக்க முதலாமவர் 114 மாதங்கள், அதாவது ஒன்பதரை ஆண்டுகள், சேமிக்க வேண்டும். இரண்டாமவருக்கு 14 மாதங்கள் போதும். சம்பளச் சீட்டில் முதலாமவர் மேலே நிற்கிறார். நிம்மதியில் இரண்டாமவர் எட்டு ஆண்டுகள் முந்திவிட்டார்.

இத்தோடு கணக்கை நிறுத்தினால் நான் உங்களுக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். பத்தாம் ஆண்டில் முதலாமவரின் கடன் தீர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அவர் கையில் சேர்ந்திருப்பது 600 அலகுகள்; இரண்டாமவர் கையில் 2,160. அதன்பின் முதலாமவர் மாதம் 45 சேமிக்கலாம் என்பதால், ஐந்து ஆண்டுகளுக்குள் மற்றவரைப் பிடித்துவிடுவார்; பிறகு வேகமாக விலகிச் செல்வார். ஆகவே நீங்கள் நினைப்பது தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த முந்துதல் நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அவர் அதே துறையில் தொய்வின்றி நிலைக்க வேண்டும். தவணை நின்ற மாதத்திலேயே புதிய தவணை ஒன்று தொடங்காமல் இருக்க வேண்டும். முதல் நிபந்தனை, அந்த வேலையைச் செய்ய அவருக்கு மனம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இரண்டாவது, அவரைச் சுற்றியிருக்கும் சக ஊழியர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. தன் வரவுக்குள் அடங்கி வாழ்வதைவிடப் பக்கத்து நாற்காலிக்காரரின் வரவுக்குள் அடங்கி வாழ்வது கடினம்.

என்னிடம் பல ஆண்டுகளுக்கு முன் ஆலோசனைக்கு வந்த மாணவர் ஒருவர், வேலையில் சேர்ந்த ஆறாம் ஆண்டில் மீண்டும் வந்தார். அவருடைய சம்பளம் என்னுடையதைப்போல் மூன்று மடங்கு. வேலை அவருக்கு ஒத்துவரவில்லை, தூக்கம் கெட்டிருந்தது, வேறு துறைக்கு மாற வழி கேட்டார். ஒரு தாளில் தவணைகளை வரிசையாக எழுதச் சொன்னேன். கல்விக்கடனுக்குக் கீழே வீட்டுக்கடன், அதற்குக் கீழே வாகனக்கடன், அதற்குக் கீழே கடன் அட்டைப் பாக்கி. எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை மூடி, "இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் எனக்கு வழியில்லை" என்றார். அவருக்கு வேலை மாறும் தகுதி இருந்தது, வாய்ப்பும் இருந்தது. நான்காவது கூறாகச் சொன்ன அந்தச் சுதந்திரம் மட்டும் இல்லை. அவரைப் பார்ப்பவர்கள் யாரும் அவரைப் பணக்காரர் அல்ல என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இனி, செல்வம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். மேலே சொன்ன சிகிச்சைத் துறைக்காரர் தம் ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு, அதாவது 12,600 அலகுகள், சேர்க்க விரும்பி மாதம் 18 அலகுகளை உண்டியலில் போட்டு வந்தால் அதற்கு 58 ஆண்டுகள் ஆகும். சம்பளத்தை மிச்சம் பிடிப்பதால் மட்டும் யாரும் செல்வந்தராவதில்லை. மிச்சம் பிடித்தது எங்கே வளர்கிறது, எத்தனை காலம் வளர்கிறது என்பவையே மீதியைத் தீர்மானிக்கின்றன. ஆண்டு வளர்ச்சி விகிதத்தால் 72-ஐ வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறக்குறையக் கிடைக்கும்: 8 சதவீதத்தில் 9 ஆண்டுகள், 6 சதவீதத்தில் 12. இதே கணக்கு கடனுக்கும் பொருந்தும் என்பதைக் கடன் விண்ணப்பத்தை நிரப்பும்போது யாரும் நினைவுபடுத்துவதில்லை. இவ்வழியைத் தவிர, பெருஞ்செல்வம் பெரும்பாலும் தொழிலில் உரிமைப் பங்கு வைத்திருப்பதாலும், சொத்து மதிப்பு உயர்வதாலும், மரபுரிமையாலும் வருகிறது. இவற்றில் எதையும் கல்லூரி விண்ணப்பத்தில் தேர்வுசெய்ய முடியாது. படிப்பு நல்ல வரவைத் தரலாம். செல்வம் அதற்குப் பின் எடுக்கும் முடிவுகளிலும், ஓரளவு அதிர்ஷ்டத்திலும் இருக்கிறது. தொழில் தொடங்கித் தோற்றாலும் சில மாதங்கள் தாங்கிக்கொள்ளும் வலு உள்ளவர்தான் துணிந்து அதில் இறங்க முடியும் என்பதால், செல்வத்தை விரும்புபவருக்கும் வசதி முதலில் வந்தாக வேண்டும்.

பணம் மகிழ்ச்சி தராது என்று உங்களுக்கு உபதேசம் செய்ய மாட்டேன். ஆய்வுகளும் அப்படிச் சொல்லவில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டனும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு வருமான அளவுக்குமேல் அன்றாட மனநிலை உயர்வதில்லை என்று கூறியது. ஆனால் கானமனே வேறு இருவருடன் சேர்ந்து 2023-இல் வெளியிட்ட ஆய்வு, பெரும்பாலோருக்கு வருமானத்துடன் மகிழ்ச்சியும் உயர்ந்துகொண்டே போகிறது என்றும், ஏற்கெனவே மிகவும் வருத்தத்தில் இருக்கும் ஒரு சிறு பகுதியினருக்குத்தான் அந்த உயர்வு ஓரிடத்தில் நின்றுவிடுகிறது என்றும் திருத்தியது. பிடிக்காத வேலையில் ஒருவரைத் தள்ளிவிட்டுச் சம்பளத்தை உயர்த்தினால் அவர் எந்தப் பகுதியில் சேர்வார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

ஆகவே என் ஆலோசனை இது. மகள் விரும்பும் துறையில் ஐந்து ஆண்டுகள் பணியாற்றிய இருவரையாவது அவரே நேரில் சந்திக்கட்டும். தொடக்கச் சம்பளத்தைக் கேட்பதோடு நின்றுவிடாமல், ஐந்தாம் ஆண்டில் அது எவ்வளவு உயர்ந்தது, தனியாகச் சிகிச்சை மையம் நடத்த என்ன உரிமம் தேவை, வேலை இல்லாமல் இருந்த மாதங்கள் உண்டா என்றெல்லாம் கேட்கட்டும். நிதித்துறையிலும் இதே கேள்விகளுடன் இருவரை நீங்கள் சந்தியுங்கள். கடன் வாங்குவதாக இருந்தால், வட்டி எந்த நாளிலிருந்து ஏறத் தொடங்குகிறது என்பதையும் வேலை கிடைக்காத மாதங்களில் தவணைக்குச் சலுகை உண்டா என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பிறகு வரவு, தவணை, வாழ்க்கைச் செலவு, மீதம் என்று நான்கு கட்டங்கள் போட்ட தாளில், இரு துறைகளுக்கும் முதல், ஐந்தாம், பத்தாம், பதினைந்தாம் ஆண்டுகளின் கணக்கை மகளே தம் கையால் நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம். பேனாவை மட்டும் வாங்காதீர்கள். சம்பளம் மூன்று மாதம் தாமதமானால் என்ன செய்வாய் என்று மட்டும் ஒருமுறை கேளுங்கள். நிரப்பிய தாளோடு இருவரும் வாருங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.