ரப்பரைக் கொஞ்ச நாள் ஒளித்து வையுங்கள்

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு. மாலை ஆறு மணிக்கு ஹோம்வொர்க்கில் உட்கார்ந்தால் எழும்போது எட்டு தாண்டிவிடுகிறது. கணக்கில் தப்பு செய்தால் அழித்துவிட்டு, நானே சொல்லிக்கொடுத்து, சரியாக எழுத வைக்கிறேன். அவள் அழ, நான் கத்த, தினமும் இதே கதைதான். டைரியிலும் பாதிதான் எழுதி வருகிறாள். டீச்சரிடம் கேட்டால், ‘வீட்டுப்பாடம் எல்லாம் நன்றாகத்தானே செய்கிறாள்’ என்கிறார். பரீட்சை வந்தால் மட்டும் மதிப்பெண் விழுந்துவிடுகிறது. ட்யூஷன் வைத்துவிடலாமா?

பதில்: டீச்சர் பொய் சொல்லவில்லை. அவர் மேஜைக்கு வருவது நீங்கள் திருத்திய நோட்டு. உங்கள் மகளுக்கு எது வரவில்லை என்பதற்கான தடயம் எல்லாம் முந்தைய நாள் இரவே ரப்பர் தூளாகிவிட்டது. பரீட்சை அறையில் நீங்கள் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ட்யூஷன் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நேரம். ஆரம்ப வகுப்புகளுக்கு அமெரிக்க ஆசிரியர்கள் நடுவே ஒரு எளிய கணக்கு புழங்குகிறது: வகுப்பைப் பத்தால் பெருக்கினால் வருவதுதான் ஒரு நாளைக்கான வீட்டுப்பாட நிமிடங்கள். மூன்றாம் வகுப்புக்கு 30. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி 2006-ல் அலசினார்கள். பெரிய வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் இருக்கிற தொடர்பு, சின்ன வகுப்புகளில் மிகவும் மெலிந்துபோகிறது என்பது அவர்கள் கண்டது. ஆகவே இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் நான்கு மடங்கு படிப்பு ஏறும் என்ற நம்பிக்கையை விட்டுவிடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு முதல் அரை மணிக்குப் பிறகு ஏறுவது பெரும்பாலும் வெறுப்புதான்.

ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் உண்மையில் வீட்டுப்பாடம்தானா? ஒரு வாரம் கடிகாரம் வைத்துக் குறித்துப் பாருங்கள். பென்சில் தேடியது, டைரியில் இல்லாததைத் தோழி வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டது, அழுதது, அழித்து மறுபடி எழுதியது எல்லாவற்றையும் கழித்தால் பென்சில் தாளில் ஓடிய நேரம் எவ்வளவு என்று தெரியும். நான் வகுப்பெடுத்த காலத்தில் பெற்றோர்களை இப்படிக் குறிக்கச் சொல்லியிருக்கிறேன். ‘இரண்டு மணி நேரம்’ என்று வந்தவர்களில் பலர், ‘எழுதினது இருபது நிமிஷம்தான் மிஸ்’ என்று கூச்சத்தோடு திரும்பி வருவார்கள்.

இனி கணக்கு. நீங்கள் தப்பு என்று அழிப்பதை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். ஒரு பிள்ளையின் கழித்தல் பக்கம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்:

78 − 35 = 43
52 − 38 = 26
69 − 24 = 45
41 − 17 = 36
87 − 52 = 35
63 − 25 = 42

மூன்று சரி, மூன்று தப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் ‘கவனமே இல்லை’ என்று தோன்றும். தப்பான மூன்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். 52-ல் 38 போக 26 எப்படி வந்தது? ஒன்றுகள் இடத்தில் 2-லிருந்து 8 போகாது. அதனால் 8-லிருந்து 2-ஐக் கழித்து 6 போட்டாள். பத்துகள் இடத்தில் 5-ல் 3 போக 2. மற்ற இரண்டிலும் இதே வேலைதான். எந்த இடத்திலும் சின்னதைப் பெரியதிலிருந்து கழிப்பது என்று ஒரு விதி வைத்திருக்கிறாள், அதைத் துளியும் பிசகாமல் ஆறு கணக்கிலும் பின்பற்றியிருக்கிறாள். கடன் வாங்கத் தேவையில்லாத மூன்றில் அந்த விதி தற்செயலாகச் சரியான விடையைத் தந்துவிட்டது. இதில் கவனக்குறைவு எங்கே இருக்கிறது?

பிள்ளைகளின் கழித்தல் தப்புகள் கண்டபடி வருவதில்லை, பலவற்றுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கான தவறான விதி இருக்கிறது என்பதை ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-லேயே விரிவாக எழுதிவிட்டார்கள். கணினி நிரலில் ஒளிந்திருக்கும் ‘பக்’ என்ற பிழை போல என்றார்கள். இந்த விதி எங்கிருந்து வந்திருக்கும்? ‘சின்ன எண்ணிலிருந்து பெரிய எண் போகாது’ என்று நாமே வகுப்பில் ஆயிரம் முறை சொல்கிறோமே, அதிலிருந்துதான். பாவம், சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறது பிள்ளை.

இப்போது நீங்கள் 26-ஐ அழித்து 14 என்று எழுத வைத்தால் என்ன ஆகும்? தாளில் விடை மாறும், தலைக்குள் விதி அப்படியே இருக்கும். மறுநாள் டீச்சர் ஆறு டிக் போடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 40 பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் நோட்டுக்கு ஒரு நிமிடம் என்றாலே 40 நிமிடம், ஒரு பீரியட் போய்விடும். சரியாக இருக்கிற பக்கத்தில் அவர் நிற்கமாட்டார். தப்பு இருக்கிற பக்கத்தில்தான் நிற்பார். அந்த ஒரு நிமிடம் உங்கள் மகளுக்குக் கிடைக்க வேண்டுமானால் 26 அங்கே இருந்தாக வேண்டும்.

அதனால் 30 நிமிடம் ஆனதும் நோட்டை மூடுங்கள், முடிந்தாலும் முடியாவிட்டாலும். தப்பை அழிக்காதீர்கள். பக்கத்தின் அடியில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: ‘30 நிமிடம் உட்கார்ந்தாள். ஆறில் நான்குதான் முடிந்தது. கடன் வாங்கும் கணக்கு வந்தால் நின்றுவிடுகிறாள். நான் திருத்தவில்லை, அப்படியே அனுப்புகிறேன்.’ இதைத் தொடங்கும் முன் டீச்சரை ஒரு தடவை நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ‘வீட்டில் யாரும் கவனிப்பதில்லை போல’ என்று அவர் நினைத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, திட்டு விழுவது பிள்ளைக்கு. முடிக்காத வீட்டுப்பாடத்துக்குத் தண்டனை கொடுக்கும் வகுப்பாக இருந்தால் இந்த நேர்ச் சந்திப்பு இன்னும் முக்கியம்.

கண்ணெதிரே தப்பு செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது கஷ்டம் என்பது தெரியும். ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் விடையைச் சொல்லாமல், ‘38-ஓடு இந்த 26-ஐக் கூட்டிப் பாரேன், 52 வருதா?’ என்று மட்டும் கேளுங்கள். 64 வரும். அவளே திகைத்து நிற்பாள். அந்தத் திகைப்பு உங்கள் விளக்கத்தைவிடப் பெரியது. அதற்கு மேல் போக ஆசைப்பட்டால் பத்துப் பத்தாகக் கட்டிய ஐந்து குச்சிக் கட்டுகளையும் இரண்டு உதிரிக் குச்சிகளையும் கையில் கொடுத்து, 38 குச்சி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரிக்காமல் எட்டு உதிரி எடுக்க முடியாது என்று விரலே சொல்லிவிடும்.

ஆனால் உங்கள் காலத்து முறையைச் சொல்லித் தராதீர்கள். கழிப்பதற்கு இரண்டு வழிகள் பரவலாக உண்டு. 52-ல் 38-ஐக் கழிக்கும்போது, ஒன்றில் மேலே இருக்கிற 5 குறைந்து 4 ஆகும். இன்னொன்றில் மேலே உள்ள 5 அப்படியே இருக்கும், கீழே இருக்கிற 3-க்கு ஒன்று கூடி 4 ஆகும். இரண்டிலும் விடை 14-தான். பள்ளியில் ஒன்றும் வீட்டில் மற்றதும் கேட்ட பிள்ளை இரண்டையும் சேர்த்துச் செய்யும்: மேலே 4, கீழே 4, மிச்சம் பூஜ்யம். 52-ல் 38 போனால் 4 என்று எழுதி வந்த நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். டீச்சருக்கும் புரியாது, அம்மாவுக்கும் புரியாது. இருவரும் தனித்தனியே சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

எழுத்துப் பயிற்சி வீட்டுப்பாடம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேரம் நிறைய ஒழுகுகிற இடம் அதுதான். ‘பள்ளிக்கூடம்’ என்று பத்துத் தடவை எழுதச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று ஓரமாக நின்று பாருங்கள். முதலில் பத்து வரியிலும் ‘ப’. பிறகு பத்து வரியிலும் ‘ள்’. அப்புறம் ‘ளி’. மேலிருந்து கீழாகச் செங்கல் அடுக்குவது போல அடுக்கி முடித்துவிடுவார்கள். பத்துத் தடவை எழுதியாயிற்று, சொல்லை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இதற்குப் பதில் சொல்லைப் பார்க்கட்டும், கையால் மூடட்டும், பார்க்காமல் எழுதட்டும், திறந்து ஒப்பிடட்டும். மூன்று தடவை போதும், மறுநாள் காலையில் இன்னொரு தடவை. படித்ததை மறுபடி பார்ப்பதைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எடுக்கும் முயற்சிதான் நாள்பட நிற்கிறது என்பதை ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துக் காட்டினார்கள். ‘பத்துக்குப் பதில் இப்படிச் செய்யலாமா?’ என்று கேட்டால் பெரும்பாலான டீச்சர்கள் சரி என்பார்கள். பத்துத் தடவை எழுதியதைத் திருத்துவது அவர்களுக்கும் சுகமான வேலை அல்ல.

பாதி டைரி விஷயத்தைச் சோம்பேறித்தனம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் கண். கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறாளா, கண்ணைச் சுருக்குகிறாளா என்று டீச்சரிடம் கேளுங்கள். கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாத பிள்ளை பெரும்பாலும் அதைச் சொல்லாது. உலகமே எல்லோருக்கும் அப்படித்தான் மங்கலாகத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கும். கண்ணில் கோளாறு இல்லையென்றால், மணியடிக்கிற நேரத்தில் அவசரமாக எழுதிப் போடப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசி ஐந்து நிமிடத்தில், பை மூடுகிற சத்தத்துக்கு நடுவே எழுதிப் போட்டால் மெதுவாக எழுதுகிற பிள்ளைக்குப் பாதிதான் கிடைக்கும்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. வாக்கியக் கணக்கில் அவள் முழித்தால் கேள்வியை நீங்கள் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். கேட்டதும் போட்டுவிட்டாளா? அப்படியானால் தடுமாற்றம் வாசிப்பில்தான், கணக்கில் இல்லை. கழித்தலை விட்டுவிட்டுத் தினமும் பத்து நிமிடம் அவளுக்குப் பிடித்த கதையைச் சேர்ந்து வாசியுங்கள். மூன்றாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள், சில வாரப் பயிற்சிக்குப் பிறகும் மாறவில்லை என்றால் கற்றல் குறைபாடு தெரிந்த சிறப்பாசிரியரிடம் காட்டிவிடுவது நல்லது. தள்ளிப்போட வேண்டாம்.

ட்யூஷன் இப்போது வேண்டாம். அங்கே நடக்கப்போவதும் பெரும்பாலும் நீங்கள் செய்வதுதான். வேறொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தைச் சரியாக முடித்து அனுப்புவார், நோட்டு இன்னும் சுத்தமாகிவிடும். மூன்று வாரம் திருத்தாத நோட்டை அனுப்பிப் பாருங்கள். அதன் பிறகும் டீச்சருக்கு வகுப்பில் அவளைக் கவனிக்க நேரமே இல்லை என்று தெரிந்தால் அப்போது ஆள் தேடலாம். தேடிப் போகும்போது அந்த மூன்று வார நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். 26 ஏன் வந்தது என்று பார்த்தவுடன் சொல்லத் தெரிந்தவரிடம் விடுங்கள்.